ஆயிரத்து ஐந்நூறு டாலர் குதிரையும் ஹிர்ஷ் ஜேக்கப்ஸும்

ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்கப் போகிறவர்களுக்கு விவரம் தெரிந்தவர்கள் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. உடம்பு வெள்ளை வெளேர் என்று இருக்கிறதா, மூக்கு ரோஸ் நிறமா என்று பார்த்தால் மட்டும் போதாது. குட்டிக்குப் பின்னால் போய் நின்று கையைத் தட்டிப் பார்க்க வேண்டும்! இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் பிறப்பது உண்டு. வளர்ப்பவருக்கு அது தெரிந்திருக்கும். வாங்குபவருக்கோ வீட்டுக்கு வந்து பேர் சொல்லிக் கூப்பிடும்போதுதான் தெரியும். செண்பகத்தோப்புப் பக்கம் மாந்தோப்புக் காவலுக்கு என்று வாங்கிப் போய், அது காது கேளாத நாயாக இருந்தால் எப்படி இருக்கும்? யோசித்துப் பாருங்கள்!

விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. வியாபாரத்தில் இது மிகப் பழைய தலைவலி. நம் சரக்கு விற்பனைச் சட்டம் (1930) பிரிவு 16-ல் சொல்லும் "வாங்குபவரே, ஜாக்கிரதை" என்ற கொள்கை இதற்காகத்தான். பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்து 1970-ல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதிய ஜார்ஜ் அகர்லாஃப், 2001-ல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் நாய், கார் எல்லாவற்றையும் விடப் பெரிய தலைவலி ஒன்று இருக்கிறது. அதுதான் குதிரை.

பாண்டியர்கள் பட்ட பாடு

ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம் அன்றைக்குப் பாண்டிய நாடு. பாண்டியர்களுக்குப் படைக்குக் குதிரை வேண்டும்; ஆனால் நம் ஊர் வெயிலில் நல்ல குதிரை வளர்வதில்லை. எனவே அரேபியாவில் இருந்தும் பாரசீக வளைகுடாவில் இருந்தும் கப்பல் கப்பலாக இறக்குமதி செய்தார்கள். ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் விலை என்று பாரசீக வரலாற்று ஆசிரியர் வசாஃப் எழுதியிருக்கிறார். கடலில் செத்துப்போன குதிரைக்கும் பாண்டியரின் கருவூலம் பணம் கொடுத்ததாம்!

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்த மார்க்கோ போலோ இன்னொன்றும் சொல்கிறார். வாங்கிய குதிரைகளுக்கு இங்குள்ளவர்கள் சோற்றையும் இறைச்சியையும் சேர்த்துச் சமைத்துப் போட்டார்களாம். பராமரிக்கத் தெரிந்த ஆட்கள் இல்லாததால் வருஷ முடிவில் பெரும்பாலான குதிரைகள் இறந்துவிட்டன. தெரிந்த ஆட்களை இங்கே வரவிடாமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள். செத்தால்தானே அடுத்த வருஷமும் வியாபாரம் நடக்கும்!

மாணிக்கவாசகர் கதை நம் எல்லோருக்கும் தெரியும். பார்த்தபோது பரி, லாயத்துக்கு வந்து இரவானதும் நரி. அது பக்திக் கதைதான். இருந்தாலும் குதிரை வாங்குகிறவனின் பயம் என்ன என்பது அதில் அப்படியே இருக்கிறது.

ஆக, குதிரையைச் சரியாக எடை போடவும், வாங்கியபின் உயிரோடும் திடமாகவும் வைத்திருக்கவும் தெரிந்த ஆள் பொன்னுக்குச் சமம். அமெரிக்காவில் அப்படிப்பட்ட ஆளை அடையாளம் காட்டுவதற்கென்றே அமைந்தது போல ஒரு பந்தய முறை இருக்கிறது.

கிளெய்மிங் ரேஸ் என்றால் என்ன?

கிண்டியில் பார்த்தது வேறு முறை. ஓடிய கணக்கை வைத்து ரேட்டிங் போட்டு, நல்ல குதிரைக்கு அதிக எடை ஏற்றி ஓடவிடும் ஹேண்டிகேப் பந்தயங்கள். அமெரிக்காவிலோ அன்றாடப் பந்தயங்களில் பெரும்பகுதி கிளெய்மிங் ரேஸ்கள்தான். அந்தப் பந்தயத்தில் ஓடும் ஒவ்வொரு குதிரைக்கும் முன்கூட்டியே ஒரு விலை அறிவிக்கப்பட்டிருக்கும். தகுதியுள்ள எந்த ஓனரும் பந்தயம் தொடங்கும் முன் அந்தப் பணத்தைக் கட்டி, சீட்டை எழுதி மூடிய பெட்டியில் போடலாம். பந்தயம் முடிந்ததும் குதிரை அவருடையது. ஒரே குதிரைக்குப் பல பேர் கேட்டிருந்தால் குலுக்கல். அந்தப் பந்தயத்தின் பரிசுப் பணம் மட்டும் பழைய ஓனருக்குப் போகும்.

இதனால் என்ன லாபம்? 10,000 டாலர் பெறும் குதிரையை 5,000 டாலர் பந்தயத்தில் இறக்கினால் சுலபமாக ஜெயிக்கலாம். ஆனால் எவனாவது 5,000 கொடுத்து அதைத் தட்டிக்கொண்டு போய்விடுவான். 5,000 பெறும் குதிரையை 10,000 பந்தயத்தில் இறக்கினால் குதிரை பத்திரம், ஆனால் ஜெயிக்காது. எனவே தானாகவே சரியான விலையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள் அல்லவா? இது அதற்கு நேர் எதிர். விலை ஊருக்கே தெரியும்!

ஆனால் ஒரு ஆபத்து உண்டு. பழைய விதிப்படி, பந்தயம் தொடங்கிய நொடியில் குதிரை புதியவருடையது. ஓடும்போது கால் உடைந்தாலும், செத்தாலும் நஷ்டம் அவருக்குத்தான். பாண்டியர் கருவூலத்துக் கதையேதான்.

புறா வளர்த்த பையன்

இந்த ஆட்டத்தில் எல்லோரையும் விடப் பெரிய பெயர் எடுத்தவர் ஹிர்ஷ் ஜேக்கப்ஸ். 1904-ல் நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா தையல்காரர். வீடு நிறையப் பிள்ளைகள். குதிரைப் பண்ணை, பரம்பரை ஓனர், பணக்காரக் குடும்பம் எதுவும் கிடையாது. புரூக்ளினில் பந்தயப் புறா வளர்த்துத்தான் தொழிலுக்கே வந்தார். வாயில்லா ஜீவனைப் பொறுமையாக உட்கார்ந்து கவனிக்கும் பழக்கம் அங்கே வந்தது.

உயர்ஜாதிக் குட்டிகளை ஏலத்தில் எடுக்க அவரிடம் பணம் இல்லை. எனவே மற்றவர்கள் விலைச்சீட்டு மாட்டி இறக்கிவிட்ட குதிரைகளைத்தான் வாங்கினார். கூட்டாளி இசிடோர் பீபர். குதிரைகள் பெரும்பாலும் ஜேக்கப்ஸின் மனைவி எத்தேல் பெயரில் ஓடின. காலமும் கைகொடுத்தது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் வரி வருமானம் தேடிய பல அமெரிக்க மாநிலங்கள் பந்தய சூதாட்டத்தை அனுமதித்தன. புதுப் புது மைதானங்கள் வந்தன. தினமும் பந்தயம் நடத்த விலை குறைந்த குதிரைகள் நிறையத் தேவைப்பட்டன.

அதிக வெற்றிகள் பெற்ற பயிற்சியாளர்கள் பட்டியலில் ஜேக்கப்ஸ் அமெரிக்காவிலேயே முதலிடம் பிடித்தது 11 முறை! 1933 முதல் 1939 வரை ஏழு வருஷம் தொடர்ச்சியாக. பிறகு 1941 முதல் 1944 வரை. 1970-ல் இறக்கும்போது அவர் கணக்கில் 3,596 வெற்றிகள். 1958-லேயே அமெரிக்கப் பந்தயத் துறையின் புகழ் மண்டபத்தில் சேர்த்துவிட்டார்கள்.

ஸ்டைமி

இப்போது அந்த 1,500 டாலர் குதிரைக்கு வருவோம். டெக்ஸாஸின் புகழ்பெற்ற கிங் ரான்ச் பண்ணையில் 1941-ல் பிறந்த ஸ்டைமிக்கு இரண்டு வயதில் முதல் பந்தயமே கிளெய்மிங் ரேஸ்தான். விலை 2,500 டாலர். யாரும் சீண்டவில்லை. அடுத்து 1,500-க்கு இறக்கினார்கள். 1943 ஜூனில் ஜேக்கப்ஸ் அந்தப் பணத்தைக் கட்டி ஓட்டி வந்துவிட்டார்.

மறுநாளே அதிசயம் நடக்கவில்லை. புது லாயத்திலும் ஸ்டைமி தோற்றது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஜேக்கப்ஸும் அதைத் திரும்பக் கிளெய்மிங் ரேஸ்களில் இறக்கினார். யார் வேண்டுமானாலும் வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை! அவரும் அதை ஓட்டிக்கொண்டே இருந்தார். நான்கு வயதில் அது வேறு குதிரை ஆனது. கடைசியில் கிளம்பி, எல்லோரையும் தாண்டிக்கொண்டு வருவது அதன் பாணி. 1949-ல் ஓய்வு பெறும்போது கணக்கு இது: 131 ஓட்டங்கள், 35 முதலிடம், 33 இரண்டாமிடம், 28 மூன்றாமிடம். சம்பாத்தியம் 9,18,485 டாலர். அன்றைய தேதிக்கு உலகிலேயே அதிகம் சம்பாதித்த பந்தயக் குதிரை அதுதான். போட்ட முதலைப் போல 600 மடங்குக்கும் மேல்! அந்தப் பணத்தில் வளர்ந்த மேரிலாண்ட் பண்ணைக்கு "ஸ்டைமி மேனர்" என்றே பெயர் வைத்தார்கள்.

திறமையா, வேறு ஏதாவதா?

ஒருவரிடம் தோற்ற குதிரை இன்னொருவரிடம் போனதும் ஜெயித்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். "என்னமோ மருந்து கொடுக்கிறான்" என்பார்கள். இந்தச் சந்தேகம் வெறும் பொறாமை இல்லை என்று பிற்காலத்தில் தெரிந்தது. கிளெய்மிங் குதிரைகளை வாங்கி ஜெயிக்க வைப்பதில் பெயர் பெற்ற ஹோர்ஹே நவாரோ என்ற பயிற்சியாளர் மீது 2020 மார்ச்சில் ஊக்கமருந்து வழக்கு பாய்ந்தது. 2021-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஐந்து வருஷச் சிறைத் தண்டனை. அவர் மருந்து கொடுத்ததாக ஒப்புக்கொண்ட எக்ஸ் ஒய் ஜெட் என்ற குதிரை 2019-ல் துபாயில் பெரிய பந்தயம் ஒன்றை வென்றது. 2020 ஜனவரியில் இறந்துபோனது.

வெளியில் இருந்து பார்த்தால் ஜேக்கப்ஸ், நவாரோ இரண்டு பேரின் வெற்றிக் கணக்கும் ஒரே மாதிரிதான் தெரியும். குதிரையின் கணக்கைப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். ஸ்டைமி மாற வருஷக்கணக்கில் ஆனது. அதன் பிறகும் வருஷக்கணக்கில் ஓடியது.

பயிற்சியாளரின் திறமை என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா என்ற கேள்வி நம் ஊர் வழக்கிலும் வந்தது. தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-ல் சட்டம் வந்தது. டாக்டர் கே.ஆர். லட்சுமணன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பு சொன்னது. குதிரையின் வேகமும் தாங்குசக்தியும் பயிற்சியால் வருபவை, ஜாக்கியின் திறமையும் அதில் சேர்கிறது, எனவே இது வெறும் அதிர்ஷ்ட விளையாட்டு அல்ல என்பது தீர்ப்பின் சாரம். பந்தயத்தில் பணம் கட்டிக் குடும்பத்தை நடுத்தெருவில் விட்டவர்களுக்கு அந்தத் தீர்ப்பு ஆறுதல் தராது. அது வேறு கணக்கு. ஆனால் லாயத்தில் விடியற்காலையில் எழுந்து குதிரையின் காலைத் தடவிப் பார்க்கிறவனின் வேலைக்கு ஒரு மரியாதை கிடைத்தது.

அமெரிக்காவிலும் விதி மாறியிருக்கிறது. 2022 முதல் நடைமுறையில் உள்ள தேசிய விதிகளின்படி, பந்தயத்தில் குதிரை இறந்தாலோ, ஓடி முடித்ததும் நொண்டுவதாக மருத்துவர் கண்டுபிடித்தாலோ அந்த விற்பனை ரத்து. நோயாளிக் குதிரையை அடுத்தவன் தலையில் கட்டிவிட்டுப் போக முடியாது.

பாண்டியனிடம் பொன் இருந்தது, ஜேக்கப்ஸ் இல்லை. ஜேக்கப்ஸிடம் இருந்ததோ 1,500 டாலரும் பொறுமையும். அடுத்த முறை ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்கப் போனால், கையைத் தட்டிப் பாருங்கள். திரும்பிப் பார்த்தால் தூக்கிக்கொண்டு வாருங்கள். அப்புறம் அதை எப்படி வளர்க்கிறீர்கள் என்பதுதான் மீதிக் கதை!