கைமாற்றத்தில் விடுபட்டோர்

1947 நவம்பர் 11ஆந் திகதி பிரித்தானிய அரசும் இலங்கை அரசும் மூன்று உடன்படிக்கைகளிற் கைச்சாத்திட்டன. ஒன்று பாதுகாப்புப் பற்றியது. பிரித்தானியப் படைகள் இலங்கையின் தளங்களைத் தொடர்ந்து பயன்படுத்த அது வழிசெய்தது. மற்றொன்று வெளிவிவகாரம் பற்றியது. மூன்றாவது, ஆங்கில ஆட்சியின் உத்தியோகத்தர்களுக்கு ஓய்வூதியத்தையும் நட்டஈட்டையும் உறுதிசெய்தது. ஆட்சி கைமாறுமுன் எவருடைய உரிமையை எழுத்தில் வைத்துவிட வேண்டுமென ஏகாதிபத்தியம் கருதியது என்பதற்கு இவையே சான்று.

1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்தியத் தமிழர் ஏறக்குறைய 780,000 பேர். இலங்கைத் தமிழரினும் தொகையிற் கூடியவர்கள். இவர்களுட் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர். இந்நாட்டின் ஏற்றுமதி வருவாயைத் தம் முதுகிற் சுமந்த அம்மக்களின் பெயரால் உடன்படிக்கை எதுவும் எழுதப்படவில்லை. 1947 டிசம்பரில் நேருவும் டி. எஸ். சேனநாயக்காவும் டில்லியில் நடத்திய பேச்சு இணக்கமின்றி முடிந்தது. 1948 பெப்ரவரி 4இல் கொடி மாறியது.

சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு இருந்ததே எனச் சிலர் கேட்பர். ஓர் இனத்தவருக்கு மட்டும் இடையூறு விளைக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என அது விதித்தது உண்மையே. ஆனால் இந்நாட்டின் பிரசை யார் என்ற வினாவை யாப்பு வருங்காலப் பாராளுமன்றத்திடமே விட்டுவிட்டது. வீட்டுக்குப் பூட்டுப் போட்டவர்கள் திறப்பை வாசலிலேயே வைத்துச் சென்றார்கள்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இந்தியரென்றோ தமிழரென்றோ ஒரு சொல்லும் சொல்லவில்லை. இங்கு பிறந்தவனாயினும், தந்தையேனும், அல்லது பாட்டனும் பூட்டனுமேனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும் என்றது. லயத்திற் பிறந்த தகப்பனுக்குப் பிறப்புப் பதிவு எங்கே தேடுவது? மறு ஆண்டில் வந்த சட்டமொன்று பிரசைகளல்லாதோரைத் தேருநர் இடாப்பிலிருந்து நீக்கியது. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றிருந்தது. வேறு தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் தோட்டத்து வாக்குகள் துணைநின்றன. ஆளும் வர்க்கத்தின் அச்சம் இதுவே. இனத்தின் பெயரால் நிகழ்ந்த இப்பறிப்பை வர்க்கக் கண்கொண்டு நோக்காவிடின் பாதி உண்மையே புலப்படும்.

மற்றப் பாதி எம்மவரைச் சார்ந்தது. முதற் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த ஜி. ஜி. பொன்னம்பலம் சில வாரங்களில் அமைச்சரானார். அடுத்து வந்த இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டத்தை ஆதரித்தார். செல்வநாயகம் பிரிந்து சென்றதை இங்கு மறத்தலாகாது.

கேகாலை மாவட்டத்தில் கோடாகன் பிள்ளை என்பார் தம் பெயரை இடாப்பிற் சேர்க்குமாறு வழக்காடினார். இடாப்பைத் திருத்தும் அதிகாரி அவர் பக்கம் தீர்த்தார். உயர் நீதிமன்றம் 1951இல் அதனை மாற்றியது. 1953இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும், தன் பிரசைகள் யார் எனத் தீர்மானித்தல் ஒரு சட்டசபையின் இயல்பான பணி என்று கூறி முறையீட்டைத் தள்ளியது. அதே கவுன்சில் 1964இல் வேறொரு வழக்கில், 29ஆம் பிரிவு பிரசைகளுக்கிடையேயான உரிமைச் சமநிலையின் அடித்தளம் எனப் போற்றியது. பிரசைகளுக்கிடையே! அவ்வாண்டு ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் 975,000 பேரைப் பங்கிட்டனர்: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, எஞ்சிய 150,000 பேரின் கணக்கு ஒத்திவைக்கப்பட்டது.

1972இல் அப்பிரிவே இல்லாத குடியரசு யாப்பை ஆக்கும் பணியில் முன்னின்றவர் கொல்வின் ஆர். டி சில்வா. அவரது சமசமாஜக் கட்சிதான் 1948இல் பிரசாவுரிமைச் சட்டத்தை வன்மையாக எதிர்த்தது. இடதுசாரி இயக்க வரலாறு எழுதுவோர் இவ்விடத்தில் விரைந்து நடப்பதை நான் கண்டிருக்கிறேன்.

1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டோர் பலர் வன்னிக்கு வந்தனர். கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவுக் காடுகளை வெட்டிக் குடியேறினர். இங்கும் உறுதி இல்லாத காணி, கூலி வயல் என்பனவே பலருக்கு வாய்த்தன. பிரசாவுரிமைப் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் 2003இல் வந்தது. 1948இன் பின் 55 ஆண்டுகள் கழிந்திருந்தன. மேலும் ஆறு ஆண்டுகளில், 2009 மே மாதத்தில், முள்ளிவாய்க்கால் மணலில் மாண்டோருள் அக்குடும்பங்களைச் சேர்ந்தோரும் இருந்தனர்.