முத்துக்கடலும் கேமராவின் தூரமும்: தூத்துக்குடிக் கரையில் ஷாட் வகைகளின் வரலாறு

லாங் ஷாட், மிட் ஷாட், குளோசப் ஆகிய மூன்றையும் திரைப்படக் கல்வியின் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். ஆள் சிறுத்து இடம் ஓங்கித் தெரிந்தால் லாங் ஷாட். இடுப்புக்கு மேல் தெரிந்தால் மிட் ஷாட். முகம் மட்டும் நிறைந்தால் குளோசப். இலக்கணம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். ஆனால் எந்த ஷாட்டை எப்போது எடுக்க முடிந்தது என்ற வரலாறு ஊருக்கு ஊர் வேறு. தூத்துக்குடியையும் மணப்பாட்டையும் உள்ளடக்கிய முத்துக்குளித்துறைக் கரையில், கேமரா நிற்க எங்கே இடம் கிடைத்தது என்பதே ஷாட்டின் அளவைத் தீர்மானித்தது. இக்கட்டுரையின் வாதம் அதுவே.

சினிமாவின் முதல் ஆண்டிலேயே கடல் படமாகிவிட்டது. 1895இல் லூமியர் சகோதரர்கள், பிரான்சின் தென்கரையில் துறைமுகத்தை விட்டு வெளியேறும் ஒரு துடுப்புப் படகைப் படம்பிடித்தார்கள். ஒரு நிமிடத்துக்கும் குறைவான படம். கேமரா கரையில் ஊன்றி நிற்கிறது. படகு அலையில் ஏறி இறங்கிப் போகிறது. படகு கரைக்கு அருகில் இருந்ததால்தான் துடுப்பு வலிப்பவர்கள் நம் கண்ணுக்கு மனிதர்களாகத் தெரிகிறார்கள்.

தூத்துக்குடியில் அதற்கு வாய்ப்பில்லை. பழைய துறைமுகத்தின் கடல் ஆழமற்றது. நீராவிக் கப்பல்கள் பல கிலோமீட்டர் தொலைவில் நங்கூரமிட, சரக்கையும் பயணிகளையும் தோணிகளும் படகுகளும் கொண்டுபோய்ச் சேர்த்தன. 1906இல் பதிவான வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி அடுத்த ஆண்டு கொண்டுவந்த காலியா, லாவோ கப்பல்களையும் கரையில் நின்ற கேமரா தொடுவானத்துப் புள்ளிகளாகவே கண்டிருக்கும். கப்பலின் பக்கவாட்டை முழுதாகக் காட்டும் மிட் ஷாட் வேண்டுமானால் தோணியில் ஏறியாக வேண்டும். தோணியில் ஏறினாலோ முக்காலி நிற்காது.

நகராப் படங்களை எடுத்தவர்களுக்கு இந்தத் தடை குறைவு. ஆனால் அவர்கள் நின்ற இடம் வேறு. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1890இல் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பைப் பற்றி நூல் வெளியிட்டார். மீன்வளத் துறையின் ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் இந்தியச் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். அரசுக்கு வருவாய் தரும் தொழிலைக் கணக்கெடுக்கும் பார்வை அது. சிப்பியும் அது வளரும் கடலடிப் பாரும் படகும் அதற்கு முதன்மை, குளிப்பவர் அடுத்துத்தான். தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் நூல் வரிசையில் (1909) மனிதர்கள் கேமராவுக்கு அருகே வந்துவிட்டார்கள், ஆனால் மாதிரிகளாக. கேமராவுக்கும் முகத்துக்கும் இடைவெளி குறைந்துவிட்டாலே அது குளோசப் ஆகிவிடாது என்பதை மாணவர்களுக்குக் காட்ட இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

குளோசப் என்ற ஷாட்டை 1900இலேயே இங்கிலாந்தில் ஜி.ஏ. ஸ்மித், பாட்டியின் பூதக்கண்ணாடி வழியே ஒரு சிறுவன் பார்ப்பதாகக் காட்டிவிட்டார். ஆனால் பேசத் தொடங்கிய தமிழ்ப் படம் நாடக மேடையிலிருந்து வந்ததால், முன்வரிசைப் பார்வையாளர் இருக்கும் தூரத்திலேயே கேமராவும் நெடுநேரம் நின்றது. அதை நகர்த்தியவர்களில் எல்லிஸ் ஆர். டங்கன் முக்கியமானவர். 1936இல் வந்த அவரது சதி லீலாவதியில் கதை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறது. அந்த இலங்கைப் பயணத்துக்கும் இந்தக் கரைக்கும் தொடர்புண்டு: 1914இல் தனுஷ்கோடி வழி திறக்கும்வரை கொழும்புக்குப் போன தமிழர்களில் பலர் கப்பலேறியது தூத்துக்குடியில்.

இந்த வரலாற்றின் திருப்பம் 1961. விடுதலைக்குப் பின் 1955இல் தொடங்கி ஆண்டுதோறும் நடந்த முத்துக்குளிப்பு அந்த ஆண்டோடு நின்றது. அதன்பின் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அதே 1961இல்தான் வ.உ.சி.யின் வாழ்க்கையைச் சொல்லும் பி.ஆர். பந்துலுவின் கப்பலோட்டிய தமிழன் வெளிவந்தது. தூத்துக்குடியின் கதை, பெரும்பகுதி சென்னை ஸ்டுடியோ. சிவாஜி கணேசன் சிறையில் செக்கிழுக்கும் காட்சியைப் பார்த்த யாரைக் கேட்டாலும் நினைவில் நிற்பதாகச் சொல்வது அந்த முகத்தைத்தான், கடலை அல்ல. ஸ்டுடியோவில் கேமராவுக்கு முகத்தின் அருகே போகத் தடையில்லை. அதனால் அந்தப் படத்தின் வலிமை குளோசப்பில் குவிந்தது. முத்துக்குளிப்பின் கடைசி ஆண்டுகளில் கதைப்படக் கேமரா பாருக்குப் போகாமல் விட்டதை நான் பெரிய இழப்பாகவே கருதுகிறேன்.

கேமரா இலேசானதும், வெளிப்புறப் படப்பிடிப்பு வழக்கமானதும் நிலைமை மாறியது. பாரதிராஜாவும் ஒளிப்பதிவாளர் பி. கண்ணனும் முட்டத்துப் பாறைகளில் எடுத்த அலைகள் ஓய்வதில்லை (1981), கடலோரக் கவிதைகள் (1986) இரண்டிலும் லாங் ஷாட்டும் குளோசப்பும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் பிறந்தன. முட்டம் குமரி மாவட்டத்துக் கரை என்றாலும் அந்தப் பாடம் கிழக்கேயும் வந்தது. மணப்பாட்டில் எடுத்த நீர்ப்பறவையில் (2012) கடலுக்குப் போன கணவனுக்காக வயதான எஸ்தர் கரையில் காத்திருக்கிறாள். சீனு ராமசாமியும் ஒளிப்பதிவாளர் பாலசுப்ரமணியெமும் கடலின் அகலத்தையும் நந்திதா தாஸின் முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்கள். அவள் பார்ப்பது லாங் ஷாட். நாம் பார்ப்பது அவளை. மணிரத்னத்தின் கடல் (2013) வணிகத்தில் தோற்றாலும், ராஜீவ் மேனன் மணப்பாட்டின் மணல்மேட்டையும் தேவாலயத்தையும் கடலையும் சட்டகத்துக்குள் கொண்டுவந்த விதத்துக்காகவே ஒளிப்பதிவு மாணவர்கள் அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

மிச்சமிருப்பது நீருக்கு அடியில். முத்துக் குளிப்பவர் காலில் கல்லோடு இறங்குவார், ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் சிப்பிகளை அள்ளிப் பையில் போடுவார், கயிற்றை இழுத்துச் சைகை தருவார்; மேலே வள்ளத்தில் இருப்பவர் தூக்குவார். இதை ஷாட்டாகப் பிரித்தால் மேலே ஒரு கை, கீழே ஒரு முகம், இரண்டுக்கும் நடுவே கயிறு. எதிரெதிர்ப் பார்வை ஷாட்டுகளுக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி கிடைக்காது. கடலின் மறுகரையில் மைக் வில்சன் இலங்கையின் முதல் வண்ணச் சிங்களப் படமான ரன்முத்து தூவவை (1962) திருகோணமலைக் கடலுக்கடியில் இறங்கி எடுத்துக்கொண்டிருந்தபோது, தமிழ்ப் படம் இன்னும் ஸ்டுடியோவில்தான் இருந்தது.

நீருக்கு அடியில் இலக்கணமே தலைகீழாகிறது. கலங்கிய நீரில் சில மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. ஆழம் கூடக்கூட முதலில் சிவப்பு நிறம் மங்குகிறது. தட்டையான கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் லென்சுக்குப் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தோன்றுகின்றன. ஆகவே அகலக் கோண லென்சோடு மிக நெருங்கிப் போவதைத் தவிர வேறு வழியில்லை. மேலே லாங் ஷாட்டை விட்டால் வேறு ஷாட் இல்லாதிருந்த இதே கடலில், கீழே லாங் ஷாட்டுக்கே இடமில்லை. தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்கள் இன்றும் கடலுக்குப் போகிறார்கள்; உள்ளங்கையில் அடங்கும் நீர்புகாக் கேமராவும் வந்துவிட்டது. ஷாட் வகைகளைப் பயிலும் இந்த ஊர் மாணவர்கள் முதல் பயிற்சியை அவர்களுடைய வள்ளத்தில், அவர்கள் சம்மதத்தோடு, கயிற்றைப் பிடித்திருக்கும் கையிலிருந்து தொடங்கலாம்.