தொழிலாளர் தீர்ப்புகள் வசூலான வழி

வேலை தொடர்பான உத்தரவைச் சட்டத்தின் கையால் நிறைவேற்றும் ஏற்பாடு இந்தியாவில் முதலில் முதலாளிக்காகவே உண்டானது. 1859-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டப்படி, முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வராதவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லையேல் வேலையைச் செய்து முடி என்று உத்தரவாகும். கீழ்ப்படியாதவருக்கு மூன்று மாதம் வரை சிறை. கூலி பாக்கி வைத்த முதலாளியைச் சிறைக்கு அனுப்ப அதில் இடமில்லை. 1926-ல்தான் இச்சட்டம் ஒழிந்தது.

சென்னையில் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தகராறின்போது, 1920-ல், அந்த ஆலைகளை நடத்திய பின்னி நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளரைத் தூண்டக்கூடாதென்று, சென்னைத் தொழிலாளர் சங்கத் தலைவர் பி.பி. வாடியா உள்ளிட்டோருக்குத் தடையாணை வந்தது. பதிவுபெற்ற சங்கங்களுக்கு இத்தகைய வழக்குகளிலிருந்து பாதுகாப்பு கிடைத்தது 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தால்.

1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் தீர்ப்பாயங்களை அமைத்தது. ஆனால் தீர்ப்பைத் தாங்களே நிறைவேற்றும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை. 1950-ல் ஒரு வழி பிறந்தது, 1956-ல் அது 33சி பிரிவாக நிலைபெற்றது. தீர்ப்புப்படி வரவேண்டிய பணத்துக்குத் தொழிலாளி அரசிடம் மனு கொடுப்பார். அரசு கலெக்டருக்கு வசூல் சான்றிதழ் அனுப்பும். நிலவரி பாக்கியைப் போலவே அது வசூலாகும். தமிழ்நாட்டில் அதற்குப் பயன்பட்டது 1864-ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டம். குடியானவரின் சொத்தை ஜப்தி செய்யக் கம்பெனி ஆட்சிக்குப் பின் வந்த வெள்ளை அரசு எழுதிய சட்டம், ஏறத்தாழ நூறாண்டு கழித்து ஆலை முதலாளியின் பக்கம் திரும்பியது! சான்றிதழ் தாலுகா அலுவலகம் போய்ச் சேர்ந்து, வருவாய் ஆய்வாளர் ஆலை வாசலுக்கு வருவதற்குள் ஆலை மூடிக்கிடப்பதும், இயந்திரங்கள் வங்கிக் கடனில் அடமானமாக இருப்பதும் உண்டு.

பணத்துக்காவது வழி இருந்தது. பறிபோன வேலைக்கு அதுவும் இல்லை. மீண்டும் வேலை கொடு என்ற தீர்ப்பை மதிக்காத நிர்வாகத்துக்கு அச்சட்டப்படி ஆறு மாதம் வரை சிறை இருந்தாலும், வழக்குத் தொடுக்க அரசின் புகார் வேண்டியிருந்தது. அதனால் தொழிலாளர்கள் 33சி(2)-ஐப் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே விடாவிட்டால் அந்த மாதங்களின் சம்பளத்தைத் தொழிலாளர் நீதிமன்றம் கணக்கிட்டுச் சொல்லும். ஏற்கெனவே உறுதியான உரிமையைக் கணக்கிடலாமே தவிர, புது உரிமையை இங்கே தீர்மானிக்க முடியாது என்பது உச்ச நீதிமன்றம் வகுத்த எல்லை.

நிர்வாகங்கள் உயர் நீதிமன்றம் போய்க் காலம் கடத்தியதற்கு 17பி பிரிவு விடையானது. 1984-ல் நடைமுறைக்கு வந்த அதன்படி, வேறெங்கும் வேலையில்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுத்த தொழிலாளிக்கு வழக்கு முடியும்வரை கடைசியாக வாங்கிய சம்பளத்தைக் கொடுத்தாக வேண்டும். 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் தீர்ப்பை உரிமையியல் நீதிமன்றத்துக்கு அனுப்பி, அதன் டிக்ரீயைப் போல நிறைவேற்ற வழி செய்தது. 2020-ல் இயற்றப்பட்ட தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் கலெக்டர் வழியைக் கைவிடவில்லை.