பிறப்பே குற்றமாகிய காலம்

குற்றம் என்பது ஒருவர் செய்த செயலைக் குறிக்க வேண்டும். பிறப்பையே குற்றமாக்கிய சட்டமும் வரலாற்றில் உண்டு. ஆங்கிலேய அரசு 1871இல் இந்தியாவில் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டமே அது.

1911இல் அச்சட்டம் சென்னை மாகாணத்திற்கும் விரிவாக்கப்பட்டது. ஒரு சமூகத்தைக் குற்றப் பரம்பரை என அரசு அறிவித்துவிட்டால், அவ்வறிவிப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்ல இயலாது. திருடாதவரும் கைரேகை பதிய வேண்டும். ஆண்கள் பலர் இரவுகளைக் காவலர் கண்காணிப்பிலேயே கழிக்க நேர்ந்தது.

மதுரைச் சீமையின் பெருங்காமநல்லூரில் பிறமலைக் கள்ளர்கள் இதனை எதிர்த்தனர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் நடந்த துப்பாக்கிச் சூட்டில், மாயக்காள் என்னும் பெண் உட்பட 15 பேருக்கு மேல் மாண்டனர்.

அதே அரசு அவ்வட்டாரத்தில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும் திறந்தது. எழுத்தறிவு கிடைத்தது நன்மையே. ஆயினும், அகரம் எழுதும் முன்பே அப்பிள்ளை ‘சீரமைக்கப்பட வேண்டியவன்’ ஆகிவிட்டான். ஆசிரியராகிய என் மனத்தை உறுத்துவது இதுவே.

அச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும் இந்தியா முழுவதும் 1952இலும் நீக்கப்பட்டது. ஆனால், “இவன் அண்ணனும் இப்படித்தான்”, “அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளே அப்படித்தான்” என்று நாம் சொல்லும்போது அதன் நிழல் நம் வகுப்பறையிலும் விழுகிறது. பிள்ளையின் தவற்றைக் கண்டிப்போம்; அவன் பிறப்பின்மீது தீர்ப்பு எழுதாதிருப்போம்.