யாருக்காக இந்த அகப்பக்கம்?

1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளில் இணையம் ஏறின. தமிழை ஏற்றிய முன்னோடி, தேசியக் கல்விக் கழக விரிவுரையாளர் நா. கோவிந்தசாமி.

அப்போது எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு மாறும். வாசகரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லைன்னா, பக்கம் முழுக்கப் புரியாத குறிகள்தான்! அதனால், அகப்பக்கம் அமைப்பவர் முதலில் வாசகரைத்தான் நினைக்க வேண்டியிருந்தது: யார் வருவார்? எழுத்துருவை எங்கிருந்து இறக்குவார்?

பின்னர் யுனிகோடு அந்தத் தடையை நீக்கியது. இப்போது நம் மாணவர்கள் ஆயத்த வடிவமைப்பை எடுத்து, ஒரே பாடவேளையில் முடிச்சிடறாங்க. "யாருக்காக?" என்று கேட்டால் முழிக்கிறாங்க.

ஆசிரியர்களே, கணினியைத் திறக்குமுன் ஆளுக்கொரு தாள் கொடுங்கள். வாசகர் யார், எத்தனை பக்கங்கள், எது எதோடு இணையும் என்று வரையட்டும். தடை போனது நல்லதே. அது பழக்கிய சிந்தனை போகக்கூடாது.