கடற்காற்றுக்கு முகங்கொடுத்த வீடுகள்

காஞ்சிபுரம் என்றவுடன் பட்டுத்தறியும் கோபுரமும் நம் நினைவுக்கு வருகின்றன, கடல் வருவதில்லை. நகரிலிருந்து கடற்கரை சாலைவழி அறுபது கிலோமீட்டருக்கும் மேல். எனினும் காஞ்சியின் வரலாற்றைக் கடலிலிருந்து பிரித்தெழுத இயலாது. பல்லவர் தலைநகருக்கு மாமல்லபுரம் துறைமுகமாக விளங்கியது. பிற்காலத்தில் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் செங்கற்கோட்டை எழுப்பித் துணி வாணிகம் செய்தனர். கோவளம், ஆர்க்காட்டு நவாபுகள் காலத்தில் 'சஆதத் பந்தர்' என்னும் பெயர் பெற்று, 1752இல் கிளைவின் படையிடம் வீழ்ந்தது. தமீமுல் அன்சாரி பெயரால் அமைந்த தர்கா இன்றும் அவ்வூரின் அடையாளமாக நிற்கிறது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும்வரை இவ்வூர்கள் யாவும் காஞ்சிபுரம் மாவட்டத்துள் அடங்கியிருந்தவையே.

இக்கரையை ஒட்டிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருமருங்கிலும் கடந்த முப்பது ஆண்டுகளில் எழுந்த 'பீச் ஹவுஸ்' எனப்படும் வீடுகளை வாசகர்கள் கண்டிருக்கக்கூடும். தூய வெள்ளைச் சுவர், நீலச் சாளரம், கடலை நோக்கித் தரைமுதல் மேல்தளம்வரை கண்ணாடி, கூரை இறவாணமே இல்லாத மொட்டை முகப்பு, தெருவை நோக்கி ஆளுயர மதில். வெண்மையும் நீலமும் கிரேக்கத் தீவுகளிலிருந்து வந்தவை. கண்ணாடிச் சுவர் பெரும்பாலும் அமெரிக்கக் கரையிலிருந்து வந்தது. கடலோரத்தில் வீடு கட்டுவோர் இன்று முதலில் புரட்டுவது இத்தகைய படங்களையே. கடலோரத்திலேயே பன்னூறாண்டுகள் வாழ்ந்த ஒரு சமூகத்தின் வழியினரான நாம், நம் முன்னோர் தம் வீடுகளுக்கு எத்தகைய முகத்தை அமைத்தனர் என்று கேட்டுப் பார்ப்பது தகும்.

இக்கேள்விக்கான முதல் விடை அச்சாலையிலேயே நிற்கிறது. முட்டுக்காட்டில் 1996 திசம்பரில் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா என்னும் பாரம்பரியக் கலைக்கூடத்தில் தென்னாட்டின் பல பகுதி வீடுகள் அமைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடு. உள்நாட்டு வீடொன்று கடலோரம் வந்து நிற்கிறது. சுற்றிலும் எழுந்துள்ள புதிய மாளிகைகளைவிட அதுவே கரைக்குப் பொருந்தியதாக நமக்குத் தோன்றுகிறது. தாழ இறங்கிய ஓட்டுக்கூரை, அதன் நிழலில் திண்ணை, திண்ணையின்மேல் மரத்தூண்கள், நடுவே வாசல். காஞ்சியின் நெசவுத் தெருக்களில் விடியற்காலையில் பாவு நீட்டிச் சீர்செய்வது வழக்கம். ஆகவே தெருவும் தொழிற்கூடத்தின் ஒரு பகுதியே. வீட்டின் முகப்பு அத்தெருவுக்குக் கதவடைத்து நிற்க இயலாது. திண்ணையின் வழியாக அதனுடன் கைகோத்தே நிற்க வேண்டும்.

தெற்கே செல்வோம். பரங்கிப்பேட்டை, நாகூர், அதிராம்பட்டினம், கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய மரைக்காயர் ஊர்களின் பழைய வீடுகளிலும் இதே திண்ணையையும் தூண்களையும் காண்கிறோம். பிற சமயத்தார் வீட்டுக்கும் முஸ்லிம் வீட்டுக்கும் முகப்பு இலக்கணத்தில் பெரிய வேறுபாடு இல்லை. காயலிலும் கீழக்கரையிலும் பள்ளிவாசல்களே கற்றூண் மண்டபங்களாக, தமிழகக் கட்டடக் கலையின் மொழியில் எழுப்பப்பட்டிருக்கும்போது இதில் வியப்பில்லை. வேறுபாடு, வீட்டுக்குள் நுழையும் வழியில்தான் வெளிப்படுகிறது. காயல்பட்டினத்தில் தெருவை நோக்கிய தலைவாசலும் திண்ணையும் ஆடவர்க்கும் விருந்தினர்க்கும் உரியவை. பெண்கள் வந்துபோக 'முடுக்கு' எனப்படும் குறுகிய சந்துகள் வீடுகளுக்கிடையே ஓடுகின்றன. திருமணத்திற்குப்பின் மணமகன் பெண்வீட்டில் வாழ்வதும் வீடு மகளுக்குச் சேர்வதும் இவ்வூர்களின் வழக்கம். வீடு பெண்ணுடையது, முகப்பு தெருவுக்கு உரியது, முடுக்கு மீண்டும் பெண்களுடையது. இவ்வூர்களுக்கு வரும் அயலார் திண்ணையை மட்டும் கண்டு, பெண்கள் முற்றிலும் அடைபட்டவர்கள் என எழுதிச் செல்வதுண்டு. முடுக்கைக் காணாதவர் ஊரில் பாதியைக் காணாதவரே.

காற்றுக்கும் மழைக்கும் இம்முகப்பு அளித்த விடை மிக நுட்பமானது. சோழமண்டலக் கரையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மழை செங்குத்தாகப் பெய்வதில்லை. வடகிழக்குக் காற்றில் சாய்ந்து சுவரை அறைகிறது. தாழ்ந்த இறவாணம் அந்நீரைச் சுவரில் படாது தள்ளிவிடுகிறது. கோடையில் அதுவே வெயிலைத் தடுக்கிறது. வெளிச்சுவரில் சாளரங்கள் சிறியன. வெளிச்சமும் காற்றோட்டமும் உள்முற்றத்தின் வழியே வரும். வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதால் புயற்காற்றின் வேகத்தை எந்த வீடும் தனித்து ஏற்க வேண்டியதில்லை. தென்னையும் பூவரசும் அதற்குத் துணை. கடலைப் பார்த்துக்கொண்டே வாழ வேண்டும் என்னும் ஆசை கடலோடிக் குடும்பங்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. கடலில் பல மாதங்களைக் கழித்துத் திரும்பியவருக்கு வீட்டில் வேண்டியது நிழலே.

இனிப் பூச்சு. கிளிஞ்சலைச் சுட்டெடுத்த சுண்ணாம்பை மணலுடன் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைத்து, மேற்பூச்சில் முட்டை வெண்கருவும் கலந்து, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினர். 'மெட்ராஸ் சுண்ணம்' என ஆங்கிலேயர் புகழ்ந்தது இதனையே. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைக்கு வந்த ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ், கரையிலிருந்த கட்டடங்களின் வெண்மையைப் பளிங்குக்கு ஒப்பிட்டு எழுதியுள்ளார். இன்றைய கடலோர வீடுகள் கிரேக்கத்திலிருந்து கடன் வாங்கும் வெண்மை, இக்கரையில் முன்பே இருந்ததுதான். அது வண்ணமன்று, பொருள். சுண்ணச்சாந்து ஈரத்தை உள்ளே சிறைப்படுத்தாமல் ஆவியாக வெளியேற விடும் தன்மையது. உப்புக் காற்று வீசும் ஊரில் இதன் பயனைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்பெருமைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அதனை மறைப்பது வரலாறாகாது. மன்னார் வளைகுடாக் கரையில் பவளப்பாறைகளை வெட்டியெடுத்துச் சுவர்க்கல்லாகவும் சுண்ணாம்புக்கும் பயன்படுத்தினர். அலையைத் தடுத்து நின்ற பாறைகள் இதனால் அழிந்தன. அவ்வளைகுடாவின் தீவுகள் இரண்டு நீரில் அமிழ்ந்துபோயின. 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவானது. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பழைய முறைக்குத் திரும்புவோம் என்போர் அப்பழைய முறை எதனைத் தின்று வளர்ந்தது என்பதையும் எண்ண வேண்டும்.

இந்துமாக்கடலின் மறுகரைகளில் நம் உறவினரைப் போன்ற வீடுகளைக் காண்கிறோம். ஜித்தாவின் பழைய நகரில் பவளக்கல் மாளிகைகளின் முகப்பை 'ரவாஷின்' எனப்படும் மரச்சாளரங்கள் அணிசெய்கின்றன. பின்னல் வேலைப்பாடமைந்த அப்பெட்டிகள் காற்றை உள்ளே விட்டு, அந்நியர் பார்வையை வெளியே நிறுத்துகின்றன. அந்நகர்ப் பகுதி 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. கென்யாவின் லாமுத் தீவிலோ நமக்கு இன்னும் நெருங்கிய ஒன்று காத்திருக்கிறது. அங்குள்ள பவளக்கல் வீடுகளின் வாசலில் 'டாக்கா' எனப்படும் சிறு முகமண்டபமும் அதன் இருபுறமும் கல் இருக்கைகளும் உள்ளன. வந்தவர் அங்கே அமர்ந்து பேசிச் செல்லலாம். இல்லத்தின் அந்தரங்கம் குலையாது. நம் திண்ணையை வேறு மொழியில் கேட்பது போன்ற உணர்வு நமக்கு எழுகிறது. யார் யாரிடமிருந்து பெற்றனர் என்று ஆராய்வதைவிட, ஒரே காற்றும் ஒரே வாழ்க்கை முறையும் ஒத்த விடையைத் தந்தன எனக் கொள்வதே பொருத்தம்.

வீட்டின் வெளிமுகம் உரிமையாளருக்கு மட்டும் உரியதன்று என்னும் கருத்து நம் சட்டநூல் மரபிலும் வேரூன்றியது. வீட்டை ஒட்டிய தெருப்பகுதியை 'ஃபினா' என்பர். வீட்டார் அதனைப் பயன்படுத்தலாம். வழிச்செல்வோர்க்கு இடையூறு செய்யலாகாது. பதினான்காம் நூற்றாண்டில் தூனிசில் வாழ்ந்த கொத்தனார் இப்னு அர்ராமி, அண்டை வீட்டை நோக்கும் சாளரம், தெருவுக்குள் நீளும் கட்டுமானம் முதலியவை பற்றிய வழக்குகளைத் தனி நூலாகவே தொகுத்தார். அவர் மாலிகி மரபினர். நம் கரையோரத்தாரோ பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபினர். ஆயினும் கேள்விகள் ஒன்றே. பாதையோரம் அமர்வோர் பார்வையைத் தாழ்த்தி, பிறர்க்குத் தொல்லை தராது, சலாமுக்குப் பதிலுரைத்துப் பாதைக்குரிய உரிமையை வழங்க வேண்டும் என்னும் கருத்தமைந்த நபிமொழி நாமறிந்ததே. திண்ணையில் அமர்வதற்கான ஒழுக்கம் அதில் முழுமையாக அடங்கியிருக்கிறது.

இவற்றை விடுத்துக் கான்கிரீட்டுக்கு மாறியதில் நாம் பெற்றது என்ன? மாடிகள் பெற்றோம், மறுக்கவில்லை. ஆனால் உப்புக் காற்றிலுள்ள குளோரைடு காரைக்குள் ஊடுருவிக் கம்பியை அரிக்கிறது. துரு கம்பியைவிட அதிக இடம் பிடிப்பதால் காரை வெடித்து உதிர்கிறது. இந்தியத் தர அமைவனத்தின் 2000ஆம் ஆண்டு விதித்தொகுப்பு கடற்கரைச் சூழலைக் கடுமையானதாக வகைப்படுத்தி, கம்பியின்மேல் 45 மில்லிமீட்டர் காரை மூடியிருக்க வேண்டும் என்கிறது. மென்மையான சூழலுக்கு 20 மில்லிமீட்டர் போதும். இவ்வேறுபாட்டை அறியாமல், உள்நாட்டில் கட்டுவது போலவே கரையிலும் கட்டி, கழுவாத கடல்மணலையும் கலந்துவிட்டால் வீடு முதுமையை விரைவில் எய்தும். இறவாணமற்ற முகப்பு மழையையும் வெயிலையும் நேரே வாங்குகிறது; கண்ணாடிச் சுவர் சேர்க்கும் வெப்பத்தை வெளியேற்றக் குளிர்சாதனம் தேவைப்படுகிறது; அதன் வெளிப்பெட்டியையும் உப்பு அரிக்கிறது. இறவாணமும் திண்ணையும் கான்கிரீட் வீட்டுக்கும் அமையக்கூடியவையே. அவற்றைத் தடுப்பது பொறியியல் அன்று, நம் ரசனை.

இழப்பு கரையோடு நிற்கவில்லை. காஞ்சியிலும் திண்ணைகளுக்கு இரும்புக் கிராதி அடைத்து அறையாக்குவதும், இடித்துவிட்டு வண்டி நிறுத்துவதும் காணக்கூடியதே. குடும்பம் பெருகும்போது இடம் வேண்டும் என்பது நியாயமான தேவை. அதற்காக எவரையும் பழிக்க நாம் விரும்பவில்லை. ஆயினும் வேறு வழி உண்டு என்பதற்குப் புதுச்சேரி சான்று. அங்குத் தமிழர் பகுதியிலுள்ள வைசியாள் வீதியில், இன்டாக் அமைப்பு வீட்டாருடன் சேர்ந்து முகப்புகளை மட்டும் பழைய வடிவில் புதுப்பித்தது. உள்ளே அவரவர் தேவைப்படி வாழ்ந்தனர். தெரு தன் முகத்தை மீட்டது. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதும் அதற்குக் கிடைத்தது. அதே நகரில் காஜியார் வீதியும் முல்லா வீதியும் சில தெருக்கள் தள்ளியே உள்ளன. காயலிலும் கீழக்கரையிலும் நாகூரிலும் இவ்வாறு செய்ய முதலில் பெருநிதி தேவையில்லை. எஞ்சியுள்ள முகப்புகளை அளந்து, தூண்களின் உயரத்தையும் இறவாணத்தின் தாழ்வையும் திண்ணையின் அகலத்தையும் குறித்து, முடுக்குகளின் வரைபடத்தையும் வரைந்துவைக்க ஊருக்கு நான்கு இளைஞரும் ஓர் அளவு நாடாவும் போதும். முடுக்குகளை அளக்கும் குழுவில் பெண்கள் இருப்பது இன்றியமையாதது.