"அறியேன்" என்று எழுதிய ஆயர்

நவம்பர் 2-ஆம் நாள் மாலையில் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி ஏற்றி நிற்கையில், ஆன்மா என ஒன்று உண்டா என்று நம்மில் எவரும் கேட்பதில்லை. உண்டு என்று நம்புவதால்தானே பூவும் திரியும் கையுமாக அங்கே செல்கிறோம்! ஆனால் நம் பழைய கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில், மதிலை ஒட்டியோ மதிலுக்கு அப்பாலோ, சிலுவை நடப்படாத சிறு மண்மேடுகள் இருந்ததை முதியோர் அறிவர். திருமுழுக்குப் பெறுமுன் இறந்த பச்சிளங் குழந்தைகளின் இடம் அது. திருமுழுக்குப் பெறாது இறந்தோருக்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கு இல்லை என்று 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1239-ஆம் எண் விதித்திருந்தது. பத்து மாதம் சுமந்து பெற்ற தாய் ஒருத்தி, "இவ்வுயிரைத் தந்தவர் கடவுள்தானே? பின் ஏன் மதிலுக்கு வெளியே?" என்று வினவியிருந்தால் அவளுக்கு என்ன மறுமொழி கூறியிருப்போம்?

இதே வினாவை, இதைவிடக் கூர்மையாக, ஓர் ஆயர் கேட்டிருக்கிறார். அவர் கேட்டது கி.பி. 415-ஆம் ஆண்டில். அவர் ஹிப்போ நகரின் ஆயராகிய புனித அகுஸ்தினார். இன்று அல்ஜீரியா நாட்டில் அன்னாபா என வழங்கும் துறைமுக நகரமே அன்றைய ஹிப்போ.

ஆன்மா உண்டா என்பதில் அகுஸ்தினாருக்கு ஐயமே இருந்ததில்லை. மூளையே ஆன்மா, இதயமே ஆன்மா, காற்றே ஆன்மா, அணுக்களின் சேர்க்கையே ஆன்மா என்று கூறியோர் அவர் காலத்திலும் இருந்தனர். நம் காலத்துக்கு மட்டும் உரிய புதுமை அன்று அது. 'மூவொரு கடவுள்' பற்றிய தம் நூலின் பத்தாம் பகுதியில் அவர்களை எடுத்துக்கொண்டு அவர் கூறும் விடை எளியது: எதை ஐயுற்றாலும், ஐயுறுகின்ற தான் வாழ்வதையும் நினைப்பதையும் விரும்புவதையும் ஒருவன் ஐயுற இயலாது, ஐயுறுதலே ஆன்மாவின் செயல். ஆன்மா கடவுளின் ஒரு பகுதி அன்று, அவரால் படைக்கப்பட்டது. அது உடற்பொருளும் அன்று. இவற்றிலும் அவர் உறுதியாக நின்றார். இளமையில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் மணிக்கேய சமயத்தில் இருந்து, ஆன்மா இறை ஒளியின் சிதறிய துண்டு என்று கேட்டு வந்தவர் ஆதலால், இந்த உறுதி அவருக்கு எளிதில் கிட்டியதன்று.

ஆனால் அந்த ஆன்மா ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் எவ்வாறு வந்து சேர்கிறது? இங்குதான் அவர் தடுமாறினார். ஏறத்தாழ 395-இல் முடித்த 'தன்விருப்புரிமை' என்னும் நூலில் நான்கு கருத்துகளை அவர் அடுக்குகிறார். கொடியிலிருந்து பதியன் போடுவதுபோல் ஆதாமின் ஓர் ஆன்மாவிலிருந்தே எல்லா ஆன்மாக்களும் பெற்றோர் வழியே கிளைத்து வருகின்றன என்பது ஒன்று. கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் ஏறத்தாழ 210-இல் ஆன்மாவைப் பற்றி எழுதிய நூலில் இவ்வழியில்தான் சென்றார். பிறக்கும் ஒவ்வொருவருக்கும் கடவுள் புதிதாக ஓர் ஆன்மாவைப் படைக்கிறார் என்பது மற்றொன்று. முன்னரே இருக்கும் ஆன்மாக்களைக் கடவுள் உடலுக்குள் அனுப்புகிறார் என்பது மூன்றாவது. அவை தாமாகவே வந்து இறங்குகின்றன என்பது நான்காவது. முன்னிருப்பைக் கற்பித்தவருள் தலையானவர் அலெக்சாந்திரியாவின் ஓரிஜன். அக்கருத்து ஆறாம் நூற்றாண்டில் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. இவற்றுள் எது சரி என்று அகுஸ்தினார் கூறவில்லை.

உரோமை அரசின் உயர் அலுவலர் மார்செல்லினுஸ் இதே ஐயத்தைப் பெத்லெகேமில் துறவு வாழ்ந்த புனித எரோணிமுசுக்கு எழுதிக் கேட்டார். எரோணிமுசோ, உரோமை நகரின் வீழ்ச்சி தம்மை நிலைகுலையச் செய்துவிட்டதாகவும், அருகிலேயே கற்றறிந்த ஆயர் அகுஸ்தினார் இருப்பதால் அவரிடமே கேட்கலாம் என்றும் பதில் விடுத்தார். மார்செல்லினுஸ் 413-இல் பொய்க் குற்றச்சாட்டில் கொலைத் தண்டனை பெற்று மாண்டார். ஈராண்டு கழித்து, இஸ்பானியாவிலிருந்து வந்திருந்த ஒரோசியுஸ் என்னும் இளங்குருவின் கையில் அகுஸ்தினார் ஒரு நீண்ட மடலைக் கொடுத்துப் பெத்லெகேமுக்கு அனுப்பினார். என்னிடம் மாணாக்கரை அனுப்பினீர். நான் கற்பிக்க வேண்டியதை முதலில் எனக்குக் கற்பியும் என்பதே அதன் சாரம். சற்றே நகையும் கலந்த மொழி அது. அவருடைய மடல்களின் தொகுப்பில் இன்று அது 166-ஆம் மடல்.

அம்மடலின் நடுப்பகுதியை நகையோடு வாசிக்க இயலாது. ஒவ்வோர் ஆன்மாவையும் கடவுள் புதிதாகப் படைக்கிறார் என்பது எரோணிமுசின் கருத்து. அதை ஏற்கத் தமக்கும் விருப்பமே என்கிறார் அகுஸ்தினார். ஆயினும் குழந்தைகள் குறுக்கே நிற்கின்றனர். பிணியால் நலிவதும், பசியால் வாடுவதும், நோவால் துடிப்பதும் அவர்களுக்கு எதற்காக? தானாக ஒரு பாவமும் செய்யாத, கடவுளின் கையிலிருந்து அப்போதே வெளிவந்த ஆன்மா, திருமுழுக்கு இன்றி இறந்தால் தண்டனைக்கு உள்ளாவது எந்த நீதியால்? பதியன் கொள்கையில் இவ்வினாவுக்கு ஒருவாறு விடை உண்டு: ஆதாமின் ஆன்மாவிலிருந்து கிளைத்தமையால் அவன் குற்றமும் உடன் வந்தது எனலாம். படைப்புக் கொள்கையில் விடை இல்லை. அந்த விடையைத் தாரும், அக்கருத்தை ஏற்கிறேன் என்று முதிய துறவியிடம் மன்றாடுகிறார் ஹிப்போவின் ஆயர்.

நாம் ஒன்றை மறைக்கலாகாது. குழந்தைகளுக்கும் பிறவிப் பாவம் உண்டு. திருமுழுக்கு இன்றி மீட்பு இல்லை. அவ்வாறு இறப்போருக்குத் தண்டனை உண்டு, அது எல்லாவற்றினும் மிக மெல்லியது. இதுவே அகுஸ்தினாரின் போதனை. பெலாஜியுசுக்கு எதிரான வழக்கில் இந்நிலையை அவர் கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை. மதிலுக்கு வெளியே மண்மேடுகள் எழுந்ததில் அவருடைய எழுதுகோலுக்கும் பங்குண்டு. ஆனால் அப்போதனை அவரையே உறுத்தியது. உறுத்தியதால்தான், மனத்துக்கு உகந்த ஒரு கொள்கையை ஏற்காமலே அவர் காலம் கடத்தினார்.

பெத்லெகேமிலிருந்து 416-இல் வந்த மறுமொழி சுருக்கமானது. காலம் பொல்லாதது, பேசுவதைவிட மௌனமே நன்று என்று எழுதிய எரோணிமுஸ், அகுஸ்தினாரின் புலமையைப் புகழ்ந்து நிறுத்திக்கொண்டார். என்றேனும் விடை வரும் என்று, அம்முதியவர் வாழ்ந்த காலமெல்லாம் அகுஸ்தினார் தம் மடலை வெளியிடாமலே வைத்திருந்தார். விடை வரவில்லை.

ஏறத்தாழ 419-இல் வின்சென்சியுஸ் விக்டர் என்னும் இளைஞர் மௌரித்தானியாவிலிருந்து இரு நூல்கள் எழுதி, தன் ஆன்மா எங்கிருந்து வந்ததென அறியாதவன் அறிவற்ற விலங்குக்கு ஒப்பானவன் என்று ஆயரை எள்ளினார். திருப்பாடல் வரி ஒன்றையும் அதற்குத் துணைக்கு அழைத்தார். ஆயருக்கு வயது அறுபத்தைந்து, உலகறிந்த அறிஞர். சினந்திருந்தால் யாரும் குறை கூறியிரார். அவரோ நான்கு பகுதிகள் கொண்ட ஒரு நூலையே பொறுமையாக எழுதி விளக்கினார். நம் உடலுக்குள் நரம்புகள் எங்கெங்கு ஓடுகின்றன என்பதையே நாம் அறியோம். அறுத்துப் பார்க்கும் மருத்துவரைக் கேட்கிறோம். சிம்ப்ளிசியுஸ் என்ற தம் நண்பர், வெர்ஜிலின் காவியத்தைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லக் கூடியவர். சொல்லிக் காட்டுமுன் அவ்வாற்றல் தமக்கு உண்டென்று அவரே அறிந்திருக்கவில்லை. உள்ளிருப்பதே இவ்வளவு மறைந்திருக்க, அறியாததை அறியேன் என்பதில் நாணம் என்ன என்று கேட்கிறார். விக்டர் பின்னர்த் தம் தவற்றை ஒப்புக்கொண்டு எழுதினார்.

அகுஸ்தினாரும் ஒரு தந்தை என்பதை இவ்விடத்தில் நினையாதிருக்க நம்மால் இயலவில்லை. 387-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா முந்திய இரவில், மிலான் நகரில் புனித அம்புரோசியார் கையால் தந்தையும் மகனும் ஒன்றாகவே திருமுழுக்குப் பெற்றனர். மகனுக்கு அப்போது ஏறத்தாழ பதினைந்து வயது. பெயர் அதெயோதாத்துஸ், 'கடவுளால் தரப்பட்டவன்' என்பது அதன் பொருள். அவனுடைய அறிவைக் கண்டு தாம் அஞ்சியதாகவும், அவனில் தமக்கு உரியது தம் பாவம் ஒன்றே என்றும் 'அறிக்கைகள்' நூலில் எழுதினார். ஆப்பிரிக்கா திரும்பிய சிறிது காலத்திலேயே அவன் இறந்தான். பெற்றோர் ஆன்மாவைத் தருகின்றனரா, கடவுள் தருகிறாரா என்று பின்னாளில் அவர் எழுதிய பக்கங்களை வாசிக்கையில், அம்மகனின் முகம் அவர் முன் நின்றிருக்கும் என்றே நமக்குத் தோன்றுகிறது. அவர் அவ்வாறு எங்கும் கூறவில்லை.

426-427-இல், எழுபது வயதைக் கடந்தபின், தம் நூல்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துத் திருத்தக் குறிப்புகள் எழுதினார். ஆன்மாவின் தோற்றம் பற்றிய இடம் வந்தபோது, அன்றும் அறியேன், இன்றும் அறியேன் என்று பதிவு செய்தார். வாண்டலர் படை ஹிப்போவை முற்றுகையிட்டிருந்த வேளையில், 430 ஆகஸ்டு 28-இல் மறைந்தார்.

வினாவின் முதற் பாதிக்குத் திருச்சபை விடை கண்டது. புனித தோமா அக்குவினாஸ், ஆன்மா விந்து வழியே பரவுகிறது என்பதைத் தப்பறை என்றே 13-ஆம் நூற்றாண்டில் ஒதுக்கினார். 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி, 'ஆத்தும நிர்ணயம்' எனத் தமிழில் தனி நூலே எழுதினார். முற்பிறவி பற்றிய வாதம் ஓரிஜனோடு முடிந்துவிடவில்லை, வைகைக் கரையில் அது அன்றாடப் பேச்சாயிற்றே! ஆன்மாக்கள் கடவுளால் நேரடியாகப் படைக்கப்படுகின்றன எனத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1950-இல் எழுதிய சுற்றுமடல் உறுதிப்படுத்திற்று. எரோணிமுசின் கருத்தே நின்றது.

குழந்தைகளைப் பற்றிய மறுபாதி அவ்வளவு எளிதில் தீரவில்லை. இடைக்கால இறையியலார், துன்பமும் இல்லாத, இறைக்காட்சியும் இல்லாத 'லிம்போ' என்ற ஒன்றைக் கருதினர். தண்டனை என்பதைவிட இது இரக்கமுள்ள கருத்துதான். ஆயினும் அத்தாயின் கண்ணீரைத் துடைக்க அது போதுமானதாக இருந்ததா? 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 1183-ஆம் எண், திருமுழுக்கு அளிக்கப் பெற்றோர் எண்ணியிருந்து, அதற்கு முன்னரே குழந்தை இறந்தால், ஆயரின் இசைவோடு திருச்சபை அடக்கச் சடங்கு நிகழ்த்தலாம் என்றது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டின் இசைவுடன் அனைத்துலக இறையியல் ஆணைக்குழு 2007 ஏப்ரலில் ஓர் ஆவணத்தை வெளியிட்டது. லிம்போ ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக வரையறுக்கப்பட்டதில்லை என்றும், அக்குழந்தைகள் மீட்புப் பெறுவர் என எதிர்நோக்கத் தக்க காரணங்கள் உண்டு என்றும் அது கூறுகிறது. உறுதியாக அறிவோம் என்று அது கூறவில்லை. ஒரோசியுஸ் ஹிப்போவிலிருந்து மடலோடு புறப்பட்டு அப்போது 1592 ஆண்டுகள் ஆகியிருந்தன.